கொட்டாரத்துக்கு ஒரு கேட்சர்

கன்னியாகுமரி தொடங்கிக் களியக்காவிளை வரைக்கும் பேஸ்பால் என்ற விளையாட்டைக் கொண்டுவந்து இறக்கியவள் ஓமனாதான். அமெரிக்காக்காரர்களே சந்தேகம் வந்தால் கொட்டாரத்துக்குப் போன் போட்டுத்தான் கேட்டுக்கொள்கிறார்கள். சரி, இது கொஞ்சம் கூடுதல்தான். அமெரிக்காவைக் கழித்துவிடலாம். களியக்காவிளையும் வேண்டாம். கொட்டாரத்தில் பெயிண்ட் கடை வைத்திருக்கும் ஓமனா, அந்த ஊர்ப் பெண்பிள்ளைகளைக் கூட்டி ஒரு பேஸ்பால் அணி நடத்துகிறாள் என்பது மிஞ்சும். அதில் யாரும் கைவைக்க முடியாது.

கல்லூரிக் காலத்தில் ஓமனா கேட்சர். மட்டை பிடிக்கிறவளுக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்து, எதிரே இருந்து வருகிற ஒவ்வொரு பந்தையும் பிடித்தாக வேண்டிய வேலை அது. மூக்குக்கு நேரே மட்டை சுழலும். அந்த நொடியில் கண்ணை மூடாமல் இருக்க வேண்டும், மற்றதெல்லாம் பழகிக்கொள்ளலாம். அன்றைக்கு அவளுக்குப் பந்து எறிந்தவள் செசிலி. இப்போது ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர், வடசேரி அணிக்குப் பொறுப்பாளர். செசிலியின் பந்து ஒன்றில் ஓமனாவின் மோதிர விரல் கோணிப்போனது. நிச்சயத்தன்று மாப்பிள்ளை ராஜகுமார் அந்த விரலில் மோதிரத்தை ஏற்ற முடியாமல் வியர்த்து வழிந்தான். "மாப்பிளைக்குக் கை நடுக்கம்" என்று ஓமனா சொந்தக்காரர்களிடம் சொல்லிவிட்டாள். ராஜகுமார் இன்றுவரை அதை மறுத்ததில்லை. அவள்மேல் அவ்வளவு பிரியம். கொஞ்சம் பயமும் உண்டு.

கொட்டாரம், கோட்டாறு, வடசேரி, தக்கலை என்று நான்கு அணிகள். வருடந்தோறும் பிளஸ் டூ பரீட்சை முடித்த பிள்ளைகளில் விளையாட ஆசைப்படுகிறவர்கள் பெயர் கொடுப்பார்கள். நான்கு அணிக்காரர்களும் ஒரு நாள் கூடி உட்கார்ந்து, சுற்றுக்கு ஓர் ஆளாக எடுத்துக்கொள்வார்கள். யார் முதலில் என்பது குலுக்கல். ஒரே ஒரு கண்டிப்பு உண்டு: மாவட்டத்துக்கு வெளியிலிருந்து ஆள் கொண்டுவருகிற அணிக்கு அடுத்த வருடம் முதல் சுற்று கிடையாது.

போன வருடம் ஓமனா கேரள எல்லைக்குள் இருக்கும் பாறசாலையிலிருந்து ஜாஸ்பின் என்ற கேட்சரைக் கூட்டிவந்தாள். கெட்டிக்காரி. ஒரு சீசன் விளையாடினாள், கல்யாணம் முடிந்தது, மாப்பிள்ளையோடு பஹ்ரைனுக்கு ஃபிளைட் ஏறிவிட்டாள். கேட்சரும் போனாள், முதல் சுற்றும் போனது. போதாததற்கு இந்த வருடக் குலுக்கலில் முதல் சீட்டு கொட்டாரத்துக்கே விழுந்தது. சீட்டைப் பிரித்த ஆன்ட்ரூஸ் சார்தான் நான்கு அணிகளுக்கும் பொதுவான லீகின் செயலாளர். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஓமனா, ஒனக்கு யோகம் தேடி வந்திருக்கு. ஆனா அது வாசல்லயே நிக்கட்டும், உள்ள விடாண்டாம்" என்றார்.

"சிரியுங்க சார்" என்றாள் ஓமனா. "இந்த வருசம் கேட்சர் கெடைக்கல்லன்னா டீம கலைச்சிருவேன். அப்ப மூணு டீமா உக்காந்து சிரிச்சுக்கிடுங்க."

அது கோபத்தில் வந்த வார்த்தை இல்லை. அணியிலிருந்த எல்லாப் பிள்ளைகளையும் கேட்சராக உட்காரவைத்துப் பார்த்துவிட்டாள். மட்டை அசைந்ததும் அத்தனை கண்களும் பூட்டிக்கொண்டன. பந்து பின்னால் போய் மதிலில் முட்டும். ஒருத்தி ஓடிப் பொறுக்கிவருவாள். அதற்குள் எதிரணிக்காரி சாவகாசமாக ஒரு சுற்று ஓடி வந்துவிடுவாள். இப்படி ஒரு அணியை வைத்துக்கொண்டு பிள்ளைகளை வெயிலில் காயப்போடுவது பாவம் என்று அவளுக்குப் பட்டது.

அந்த வாரத்தில்தான் வாழைக்குலை வியாபாரி வைகுண்டராஜன், பிளஸ் டூ பரீட்சை முடித்த மகள் ஆதிராவோடு கடைக்கு வந்தார். வீட்டு முன்பக்கத்துக்கு ரோஸ் கலர் வேண்டுமாம். ராஜகுமார் கலரைக் கலந்து, மூடியை அடித்து இறுக்கி, டப்பாவைக் குலுக்குகிற மெஷினில் ஏற்றினான். இறுக்கியதாகத்தான் நினைத்தான். மெஷின் தடதடவென்று ஆடத் தொடங்கியதும் மூடி தெறித்தது. மேலே போய் ஃபேனில் அடித்து, ஆட்கள்மேல் திரும்பிப் பாய்ந்தது. ராஜகுமார் கண்ணை மூடிக்கொண்டு மேசைக்கடியில் போனான். வைகுண்டராஜன் வேட்டியைத் தூக்கி முகத்தை மூடினார். ஆதிரா மட்டும் நின்ற இடத்தில் நின்று, இடது கையை நீட்டி மூடியைப் பிடித்தாள். மூக்கில் ஒரு ரோஸ் பொட்டு. கண் இமைக்கவில்லை.

"ஏட்டி, நீ ஏதாவது விளையாடியிருக்கியா?"

"ஸ்கூல்ல எறிபந்து விளையாடுவேன் அக்கா. மூடியக் கீழ போட்டிரட்டுமா? கையெல்லாம் ஒட்டுது."

"கீழ போடாத மக்கா, போட்டிராத" என்றாள் ஓமனா, அந்த மூடி பொன் தட்டு என்பதுபோல. வைகுண்டராஜனுக்கு இன்னொரு டப்பா ரோஸ் இலவசமாகப் போனது. ராஜகுமார் தலைமுடியில் ஒட்டிய ரோஸைத் துடைத்துக்கொண்டே, "எனக்க சட்டைக்கு என்ன கெடைக்கும்?" என்று கேட்டான்.

பெயர் கொடுத்துப் பொதுவில் நின்றுதான் ஆதிரா எந்த அணிக்கும் போக முடியும். ஓமனாவுக்கு முன்னால் மூன்று பேர் எடுப்பார்கள். அந்த மூன்று பேர் கண்ணிலும் இவள் படக்கூடாது. ஓமனா யோசித்தாள். மற்றவர்கள் எல்லாம் ஓங்கி அடிக்கிறவளையும் வேகமாக எறிகிறவளையும்தான் தேடுவார்கள்; முதல் சுற்றில் கேட்சரை எடுக்கிற புத்தி எவருக்கும் கிடையாது, கேட்சர் என்று தெரியாத கேட்சரை எடுக்கவே மாட்டார்கள். கடைக்குப் பின்னால் காலி டிரம்களுக்கு நடுவே ஆதிராவுக்குக் குத்தவைக்கச் சொல்லிக்கொடுத்தாள். பெயர் கொடுக்கும்போது, "கேட்சர்னு எழுதாத. தூரத்துல நிக்க ஃபீல்டர்னு எழுது. ஆரு கேட்டாலும் அதயே சொல்லு" என்றாள்.

பிள்ளைகளின் ஆட்டத்தைப் பார்ப்பதற்கான நாளன்று நான்கு அணிக்காரர்களும் ஆன்ட்ரூஸ் சாரும் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பிரீனா என்ற நெட்டைப் பிள்ளை மட்டையைத் தொட்டபோதெல்லாம் ஓமனா எழுந்து நின்று கை தட்டினாள். "இப்படி ஒரு அடிய நான் டிவியிலகூட பாத்ததில்ல சார்" என்றாள் தக்கலைக்காரரிடம். ஆதிரா அடிக்க வந்து காற்றை வெட்டிக்கொண்டிருந்தபோது பழபஜ்ஜிக்கு ஆள் அனுப்பினாள்.

எல்லாம் சரியாகத்தான் போனது. கடைசியில் பிரீனாவின் மட்டையில் கோணலாகப் பட்ட ஒரு பந்து பெஞ்சை நோக்கிச் சீறி வந்தது. ஆன்ட்ரூஸ் சார் சாயா பிளாஸ்க்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குனிந்தார். பக்கத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டு நின்ற ஆதிரா, பாட்டிலை வாயிலிருந்து எடுக்காமலே ஒரு கையால் பந்தைப் பிடித்து, திருப்பி எறிந்துவிட்டு மிச்சத் தண்ணீரையும் குடித்தாள்.

ஓமனா சட்டென்று செசிலியின் பக்கம் திரும்பினாள். செசிலி குனியவே இல்லை. பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி ஓமனா, அது ஆரு?"

"அதுவா? எங்க ஊருப் பிள்ளதான். மகா சோம்பேறி. விடிய வெளுப்புக்கு எழும்பாது."

"நம்ம ரெண்டு பேரும் எழும்புனோமா?" என்றாள் செசிலி. வேறொன்றும் கேட்கவில்லை. அதுதான் ஓமனாவை இன்னும் பயமுறுத்தியது. வடசேரியின் கேட்சருக்கு முட்டியில் அடிபட்டிருந்தது. செசிலிக்கும் ஆள் தேவை என்பது ஊருக்கே தெரியும்.

ஆள் எடுக்கிற நாளில் கோட்டாற்றில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் கூடினார்கள். ஆன்ட்ரூஸ் சார் தொண்டையைச் செருமினார். "கொட்டாரத்துக்கு மொதச் சுத்து கெடையாது. கோட்டாறு சொல்லலாம்."

கோட்டாறு அணிக்காரர் பிரீனாவைக் கேட்டார். ஓமனா மேசையைக் குத்தி, "போச்சே!" என்றாள். நாடகக் கொட்டகையில் சேர்ந்திருந்தால் அவளுக்கு நல்ல பேர் கிடைத்திருக்கும். தக்கலைக்காரர் வேகமாக எறிகிற இசபெல்லை எடுத்தார். அதற்கும் ஒரு "போச்சே!" போட்டாள், ஆனால் குரல் பாதிதான் வந்தது. அடுத்தது செசிலி.

செசிலி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். ஓமனாவை ஒரு பார்வை பார்த்தாள். ஓமனா சேலை முந்தியைச் சுருட்டிச் சுருட்டி, மனதுக்குள், தான் கும்பிடுகிற சாமியான அய்யாவைக் கூப்பிட்டாள். தோவாளைப் பூச்சந்தையிலிருந்து கூடை நிறையப் பூ கொண்டுவந்து போடுவதாக நேர்ந்துகொண்டாள். கூடை போதாதென்று தோன்றவே அதை ஒரு மினி லாரியாக்கினாள்.

"ரஷ்மி" என்றாள் செசிலி.

"ரெண்டாஞ் சுத்து. கொட்டா..." என்று ஆன்ட்ரூஸ் சார் தொடங்கினார்.

"ஆதிரா!" என்று ஓமனா கத்தியதில் சமையல்காரர் கரண்டியோடு வெளியே வந்து பார்த்தார்.

மறுநாள் அய்யாவின் கோயிலான பதிக்குப் பூ போனது. மினி லாரி இல்லை, கூடைதான். பெயிண்ட் குலுக்குகிற மெஷினுக்கும் ஒரு முழம் பிச்சிப்பூ சுற்றினாள். மூடியைச் சரியாக இறுக்காத கையை வாழ்த்தி, ராஜகுமாருக்குப் புதுச் சட்டை எடுத்துக்கொடுத்தாள். பஹ்ரைனுக்கு வாட்ஸாப்பில், "நீ போனது நல்லதுக்குத்தான் மக்கா, நல்லா இரு" என்று ஒரு செய்தி போட்டாள். ஜாஸ்பின் அதை எப்படி எடுத்துக்கொள்வதென்று தெரியாமல் ஒரு கும்பிடு போட்டுவைத்தாள்.

முதல் ஆட்டம் வடசேரியோடு. கொட்டாரம் ஒரே ஒரு ஓட்ட வித்தியாசத்தில் தோற்றது. ரஷ்மி மட்டையால் விளாசிவிட்டாள். ஆனால் ஆதிராவைத் தாண்டி ஒரு பந்தும் மதிலுக்குப் போகவில்லை. ஆட்டம் முடிந்ததும் பிள்ளைகள் தோற்ற மாதிரியா வந்தார்கள்? அடுத்த பயிற்சி எப்போது என்று ஆளாளுக்குக் கேட்டுக்கொண்டு வந்தார்கள். கலைப்பதைப் பற்றிய பேச்சே ஓமனாவின் வாயில் பிறகு வரவில்லை.

அன்று சாயங்காலம் செசிலியையும் இழுத்துக்கொண்டு எல்லாரும் பெயிண்ட் கடைக்கு வந்தார்கள். பழபஜ்ஜித் தட்டை நடுவில் வைத்து, ஓமனா தன் தந்திரத்தை அடியிலிருந்து நுனிவரை விவரித்தாள். கை தட்டியது, மேசையைக் குத்தியது, ஒன்றையும் விடவில்லை.

"மொதச் சுத்து இல்லாமலே மொத ஆள நான் எடுத்தேன். இந்தா இருக்காளே டீச்சர், மூக்குக் கண்ணாடிய எத்தன தடவ தொடச்சும் இவளுக்கு ஆதிரா தெரிஞ்சாளா?"

ஆதிரா பஜ்ஜியைக் கீழே வைத்தாள். "ஓமனாக்கா, ஆள் எடுத்ததுக்கு முந்தின நாளு செசிலி டீச்சர் எங்க வீட்டுக்கு வந்தாவ."

"எதுக்கு?"

"'நீ கேட்சர்தானே'ன்னு கேட்டாவ. இல்ல, தூரத்துல நிக்க ஃபீல்டர்னு நான் சொன்னேன். 'பொய்யும் சேத்துப் படிப்பிச்சிருக்காளா?'ன்னு சிரிச்சாவ. 'எனக்கும் ஒரு கேட்சர் வேணும்தான். ஆனா நீ எனக்க கூட வந்தா அவ டீம கலைச்சிட்டு, பெயிண்ட கலக்கிட்டு உக்காந்திருவா. அது பாக்க எனக்குக் கழியாது. நான் ஒன்ன எடுக்க மாட்டேன், அவ எடுப்பா. நல்லா விளையாடு'ன்னாவ. ஒங்ககிட்ட சொல்லப்பிடாதுன்னும் சொன்னாவ. அம்மா குடுத்த புட்டும் பயறும் தின்னுட்டுப் போனாவ."

ஓமனா தட்டில் இருந்ததிலேயே பெரிய பஜ்ஜியைத் தேடி எடுத்துச் செசிலியின் கையில் வைத்தாள். கையை உடனே எடுக்கவில்லை.

செசிலி பஜ்ஜியை ஊதிக்கொண்டே ஆதிராவைப் பார்த்தாள்.

"ஒங்கம்மா தந்தது புட்டு இல்ல மக்கா. மரச்சீனிக் கெழங்கும் நெத்திலிக் கறியும்."