தூங்குமூஞ்சி கண் திறந்த படம்

ஊர் ஊராகப் போய் முகங்களைப் படம் எடுப்பது என் பழக்கம். பெரிய மனிதர்கள் பக்கம் போவதில்லை; கேமராவைக் கண்டதும் அவர்களுக்குத் தலையில் கொம்பு முளைத்துவிடும். வேலை செய்கிறவர்களின் முகம்தான் எனக்குப் பிடிக்கும். அன்றைக்கு என் பைக்கின் பின்பக்கக் கேரியர் முறிந்துபோய், வழியிலிருந்த ஒரு வெல்டிங் பட்டறையில் நிறுத்தினேன்.

பட்டறைக்காரருக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். முன்கை முழுக்கப் பொறி தெறித்த தழும்பு. கேரியரைத் திருப்பிப் பார்த்தவர், "இதுக்கா மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு வந்தீங்க?" என்றார். பிறகு "கண்ணு!" என்று ஒரு அதட்டல் போட்டார். வெளிச்சம் கண்ணில் படாமல் நான் திரும்பிக்கொண்டேன். முகத்துக்குப் பிடிக்கும் கறுப்புக் கண்ணாடித் தட்டு பக்கத்திலேயே கிடக்க, அதைத் தொடாமல் தன் கண்களை இறுக மூடிக்கொண்டு சுருக்கென்று இரண்டு புள்ளி பற்றவைத்தார்.

"சின்னப் புள்ளிக்கெல்லாம் எதுக்குத் தட்டு? கைக்குத் தெரியும்."

அதற்கப்புறம்தான் தட்டைப் பிடித்து மிச்சத்தை முடித்தார்.

ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். பட்டறைக்குப் பின்னால்தான் வீடு. அங்கிருந்து அவர் மனைவி சிரித்துக்கொண்டே வந்தார்.

"தாராளமா எடுங்க தம்பி. தெருவுல இவருக்குப் பேரே தூங்குமூஞ்சி. எந்தப் போட்டோவுலயும் கண்ணு தொறந்து இருந்ததில்ல. கல்யாணப் போட்டோவுல நின்னுக்கிட்டே தூங்குறாரு. பொண்ணப் பாக்கப் புடிக்காம மூடிக்கிட்டாருன்னு எங்க சொந்தக்காரங்க இன்னும் சொல்றாங்க."

"வெக்கத்துல மூடிக்கிட்டேன்னு சொல்லேன்டி" என்றார் அவர்.

பின்னாலேயே மகள் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தாள். நர்ஸ் வேலை கிடைத்து, அன்று சாயங்காலப் பஸ்ஸில் ரொம்ப தூரத்துக்குப் போகிறாள்.

"அண்ணா, அப்பா என்னைப் பாக்குற மாதிரி ஒரே ஒரு படம் எடுத்துக் குடுங்க. போன்ல வெச்சுக்கணும். நான் எடுத்து எடுத்து அலுத்துட்டேன்."

"இதெல்லாம் ஒரு விஷயமா?" என்றேன். எல்லாம் வாய்க்கொழுப்பு.

'ரெடி' என்றேன், மூடிக்கொண்டார். சொல்லாமல் எடுத்தேன், கேமரா மேலே எழுந்ததுமே மூடிக்கொண்டார். பேச்சுக் கொடுத்துக்கொண்டே எடுத்தேன். பேச்சு நிற்கவில்லை, கண் மூடிவிட்டது. எனக்குக் கோபம் வந்தது.

"வேணும்னே பண்றீங்களா?"

"சத்தியமா இல்ல தம்பி. என்னமோ நடக்கப்போவுதுன்னு தெரிஞ்சா தானா மூடிக்குது. தொழில் அப்படிப் பழக்கிடுச்சு."

கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணைத் திறந்தே வைத்திருந்தார். படத்தைப் பார்த்த மகள், "ஐயோ, யாரு இது? பாம்பப் பாத்தவரு மாதிரி முழிக்கிறாரு. எங்கப்பா இல்ல" என்றாள். மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் முகத்தில் ஈயாடவில்லை.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. தோற்றுப்போன கையோடு கிளம்ப மனசில்லாமல் நானும் பைக்கை உருட்டிக்கொண்டு அவர்கள் பின்னால் போனேன். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து தலையை வெளியே நீட்டினாள்.

"சின்னப் புள்ளினாலும் தட்டப் புடிங்கப்பா. ராத்திரி கண்ணுக்கு மருந்து விட்டுக்கங்க."

அவர் தலையாட்டினார். பஸ் நகர்ந்தது. அவர் கையசைக்கவில்லை, அது போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் கேமராவைத் தூக்கினேன். அவர் கவனிக்கவே இல்லை.

படத்தில் இரண்டு கண்ணும் திறந்திருந்தன. மகளிடம் சொல்லாமல் விட்ட அத்தனையும் அந்தக் கண்களில் இருந்தது. ஜெயித்துவிட்ட குஷியில் ஓடிப்போய்க் காட்டினேன். மனைவிதான் எட்டிப் பார்த்தார்.

"கல்யாணத்தன்னிக்கு என்னை இப்படி ஒரு பார்வை பாத்திருந்தா என்ன கொறைஞ்சு போயிருக்கும்?" என்று கேட்டுவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பொண்ணு நம்பர் சொல்லுங்க, இப்பவே அனுப்பிடறேன்" என்றேன்.

பட்டறைக்காரர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம் தம்பி. இதப் பாத்தான்னா அடுத்த ஸ்டாப்புலயே எறங்கிடுவா. அந்தக் கண்ணு மூடுன படத்தையே அனுப்புங்க. சிரிச்சுக்கிட்டுப் போகட்டும்."

இந்தப் பயணத்திலேயே நான் எடுத்த நல்ல படம் அதுதான். அதை யாருக்காக எடுத்தேனோ அவளுக்கே காட்டக் கூடாதாம். எரிச்சலாகத்தான் இருந்தது. இருந்தாலும் நம்பரை வாங்கி, அவர் சொன்ன படத்தையே போனுக்கு மாற்றி அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது. "என்ன எழுதியிருக்கா? சத்தமாப் படிங்க தம்பி" என்றார் மனைவி.

"அப்பா தூங்குறாரு, யாரும் எழுப்பாதீங்க."

பட்டறைக்காரர் கண்களை இறுக மூடிக்கொண்டார். கேமரா அப்போது உறைக்குள்தான் இருந்தது.