பர்வீனின் சால்வை

பக்கத்து வீட்டு ரிஸ்வானை மணந்து ஈரானிலிருந்து கற்பிட்டிக்கு வந்த பர்வீன், இன்று காலை கலங்கிய முகத்தோடு என்னிடம் வந்தாள்.

நேற்று எதிர்வீட்டுப் பரீதா ராத்தா அவளுடைய சால்வையைப் பார்த்து, வடிவாக இருக்கிறது என்றிருக்கிறார். "உங்களுக்குத்தான், எடுங்க" என்று இவள் சொல்லியிருக்கிறாள். ராத்தாவும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

"கொடுத்தால் எடுக்கத்தானே செய்வார்?" என்றேன்.

"எங்கள் நாட்டில் அது மரியாதைக்குச் சொல்வது. எதிரில் இருப்பவர் வேண்டாம் என்றுவிடுவார். அது என் உம்மாவின் சால்வை; அவர் மௌத்தான பிறகு அவர் நினைவாக வைத்திருப்பது."

மனதில் இல்லாததைச் சொல்வதில் என்ன மரியாதை என்று நினைத்தபடியே ராத்தாவிடம் போய் விஷயத்தைச் சொன்னேன்.

"அல்லாஹ்வே! இந்த வெயிலுக்கு எனக்கென்னத்துக்குப் புள்ள கம்பளிச் சால்வை? வேணாமெண்டா அந்தப் புள்ளட மனசு நோகுமெண்டுதான் எடுத்தன்!"

உடனே சால்வையோடு வந்தார். பர்வீன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "இல்ல, இல்ல, உங்களுக்குத்தான்."

ராத்தா தயங்கி, சால்வையைத் திரும்ப மடிக்கத் தொடங்கினார். நான் அதைப் பிடுங்கி பர்வீனின் தோளில் போட்டேன்.

இரண்டு மரியாதைகளுக்கு நடுவில் மரியாதை தெரியாத ஒருத்தி தேவைப்படுகிறாள். உங்கள் தெருவில் அந்த வேலையை யார் பார்க்கிறார்கள்?