வெர்லின் குறைத்த இரண்டு சொடுக்கு

துப்பாக்கி பழுதுபார்க்கும் வெர்லின் ஹாய்ட்டிடம் துப்பாக்கியை மட்டும் தூக்கிக்கொண்டு போனால் வேலை நடக்காது. நாம் மாட்டும் சைலன்சர், நாம் வழக்கமாகச் சுடும் தோட்டா இரண்டும் கூட வர வேண்டும். இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார். நானே இரண்டு முறை நாற்பது மைல் வீணாக ஓட்டியிருக்கிறேன். வயோமிங் மாநிலம் முழுக்கத் தேடினாலும் இப்படி ஒரு பிடிவாதக்காரர் கிடைக்க மாட்டார்.

வேலை என்னவோ சின்னதுதான். சுட்டதும் குழலிலிருந்து கொஞ்சம் வாயு பின்னால் வந்து, குழலின் பின்வாயை அடைத்திருக்கும் போல்ட் என்ற இரும்புத் துண்டைத் தள்ளும். அடுத்த தோட்டா ஏறும். சைலன்சர் மாட்டினால் வாயு அளவுக்கு மீறிப் பின்னால் வரும். தோளில் உதைக்கும், முகத்தில் புகை அடிக்கும். அதை அடக்க ஒரு திருகு உண்டு. வெர்லின் மேகசினில், அதாவது தோட்டாக் கூட்டில், ஒரே ஒரு தோட்டா போட்டுச் சுடுவார். போல்ட் பின்னாலேயே நின்றால் வாயு போதும் என்று அர்த்தம்; திருகை ‘டிக்’ என்று ஒரு சொடுக்கு மூடுவார். நிற்காமல் போகும்வரை இப்படியே மூடி, நிற்கும் இடத்துக்குத் திரும்பி வந்து, அதற்குமேல் இரண்டு சொடுக்கு திறந்துவைப்பார். குளிரிலும் அழுக்கிலும் போல்ட் மந்தமாகும்; குளிருக்கு ஒன்று, அழுக்குக்கு ஒன்று. அதில் முப்பது வருடமாக யாருக்கும் சலுகை கிடையாது.

ஆகஸ்டில் மைட்டே இரிபார்ன் வந்தாள். என்னோடு பள்ளியில் படித்தவள். நானூறு ஆடு வைத்திருக்கிறாள், தனி ஆள். வலது தோளில் அறுவை சிகிச்சை ஆகி நான்கு மாதம். எல்லாவற்றையும் விற்றுவிட்டு டென்வரில் தன்னோடு வந்து இருக்கச் சொல்லி மகள் நச்சரித்துக்கொண்டிருந்தாள். துப்பாக்கி பிடிக்க முடிகிறவரை ஆடு இருக்கும் என்று மைட்டே சொல்லியிருந்தாள்.

சுட்டாள். கண்ணில் நீர் முட்டியது.

“வலிக்குதா?” என்றார் வெர்லின்.

“நீ என்ன டாக்டரா? திருகைப் பாருய்யா.”

அவர் திருகைப் பார்த்தார். அடுத்த முறை சுட்டபோது அவள் முகம் தெளிந்தது.

“இது தேவலை,” என்றாள்.

பிப்ரவரியில், குட்டி ஈனும் நேரம், விடியற்காலையில் ஓநாய் போன்ற இரண்டு கொயோட்டிகள் பட்டிக்குள் புகுந்தன. கடுங்குளிர். முதல் குண்டில் ஒன்று விழுந்தது. இரண்டாவது குண்டு வரவில்லை. போல்ட் பாதி வழியில் நின்றுவிட்டது. அதை அவள் கையால் இழுத்துச் சரிசெய்வதற்குள், மற்றது அவளுடைய காவல் நாயின் கழுத்தைக் கிழித்துக் கொன்றுவிட்டுப் போய்விட்டது.

மறுநாள் துப்பாக்கியோடு வெர்லின் கடைக்கு வந்தாள். நான் அங்கேதான் இருந்தேன்.

“இத எடுத்துக்க, வெர்லின். தோள்ல வலு இல்ல, சரியா அணைச்சுப் பிடிக்கல. அதான் சிக்கிக்கிச்சு. மக சொன்னதுதான் சரி.”

“தோட்டா மட்டமா இருக்கும்,” என்றேன் நான், ஆறுதலாக.

வெர்லின் சும்மா இருந்திருக்கலாம். பழி தோட்டாவின் தலையில் விழுந்திருக்கும்.

“தோளும் இல்ல, தோட்டாவும் இல்ல,” என்றார். “அந்த ரெண்டு சொடுக்க நான்தான் வைக்கல. உனக்கு வலிச்சுது. பார்க்க முடியல.”

மைட்டே துப்பாக்கியின் திருகைப் பார்த்தாள்.

“யாருக்கும் குறைக்க மாட்டியே.”

“மாட்டேன்.”

“என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?”

“கேக்கல.”

அவர் முகத்தைப் பார்க்க எனக்கே சங்கடமாக இருந்தது.

“திறந்து வை,” என்றாள்.

பின்பக்கம் பனியில் நின்று பத்து முறை சுட்டாள். ஒருமுறைகூடச் சிக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே வந்து, துப்பாக்கியை உறையில் போட்டுவிட்டு, இடது கையால் மகளுக்குப் போன் செய்தாள்.

“நான் வரல. அங்க பட்டிக்கு ஆகற நாய்க்குட்டி எங்கயாவது இருந்தா விசாரி.”