எழுத்து மாறிய முக்கோணம்

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த மறு ஆண்டு அது. மலாக்காவில், காஜா பெராங்கிலிருந்து சைக்கிள் மிதித்து, நகரத்திலிருந்த ஓர் ஆங்கிலப் பள்ளிக்கூடத்துக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். ஐந்தாம் படிவம். ஆண்டுக் கடைசியில் சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சை. இப்போது எனக்கு எண்பது தாண்டிவிட்டது. ரத்த அழுத்தம் இருக்கிறது, கோபப்படாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இதை எழுதி முடிக்கும்வரை அவர் பேச்சைக் கேட்பதாக இல்லை.

எங்கள் கணக்கு வாத்தியார் தமிழர். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, கையில் ரோத்தான் பிரம்பு. ஊரில் அவருக்குப் பெரிய மரியாதை. என் அப்பா ஆஸ்பத்திரியில் காயத்துக்கு மருந்து கட்டும் டிரெஸ்ஸர். வாத்தியாரை வழியில் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நின்றுதான் பேசுவார். அவரிடம் படித்த பையன் கணக்கில் தேறாமல் போகமாட்டான் என்பது ஊர்ப் பேச்சு. அது பொய்யில்லை. எப்படித் தேற வைத்தார் என்பதுதான் விஷயம்.

ஜியோமெட்ரி வகுப்பில் அவர் பாடம் நடத்தமாட்டார். சொல்லுவார், நாங்கள் எழுதிக்கொள்வோம். எழுதியதை எழுத்துப் பிசகாமல் மனப்பாடம் செய்து மறுநாள் ஒப்பிக்க வேண்டும். முக்கோணம் என்றால் ஏ உச்சியில், பி இடது பக்கம், சி வலது பக்கம். அதைத் தவிர வேறு முக்கோணம் உலகத்தில் கிடையாது. "பி-சியை டி வரை நீட்டுக" என்று ஆரம்பித்தால் மூச்சுவிடாமல் கடைசி வரி வரைக்கும் போய்விட வேண்டும். யாராவது புரியவில்லை என்று கை தூக்கினால், அவனைப் பெஞ்சின் மேல் ஏற்றி நிறுத்திவிட்டு, அதே வாக்கியத்தை அதே வார்த்தைகளில் இன்னும் உரக்கச் சொல்வார். எங்களுக்கெல்லாம் காது மந்தம் என்று நினைத்தாரோ என்னவோ! அப்படியும் புரியவில்லை என்றால் ரோத்தான் பேசும். பிறகு "அண்டர்ஸ்டாண்ட்?" என்று ஒரு கேள்வி. வகுப்பே கூரை இடிய "யெஸ் சார்!" என்று கத்தும்.

கேண்டீனுக்குப் பின்னால் பையன்கள் கூடினால் வாத்தியார்களைத்தான் அலசுவோம். புவியியல் வாத்தியார் எங்களை ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போய், சேற்றைக் கையில் அள்ளிக் காட்டி, வண்டல் என்றால் இதுதான் என்பார். அவர் வகுப்பில் தூங்கியவன் கிடையாது. கணக்கு வாத்தியாருக்கு ஒரு சீனப் பையன் 'கிராமபோன்' என்று பெயர் வைத்திருந்தான். ஊசி ஒரே இடத்தில் மாட்டிக்கொண்ட கிராமபோன். எல்லாரும் சிரிப்பார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வராது. ஏனென்றால் அந்த வகுப்பில் நான்தான் முதல் மாணவன். ஒரு தேற்றத்தின் பெயரைச் சொன்னால் போதும், பொத்தானை அழுத்தியதுபோல் கொட்டிவிடுவேன். "இவனப் பாருங்கடா" என்று வாத்தியார் என் தோளைத் தட்டும்போது உச்சி குளிர்ந்துவிடும்.

என் கூட்டாளி ஒருவன் இருந்தான். மலாக்கா செட்டி வீட்டுப் பையன், பல தலைமுறைக்கு முன்பே இங்கே குடியேறித் தமிழை மறந்துபோன தமிழ் வம்சம். காஜா பெராங்கில் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்தான் அவன் வீடு. வாசலில் மாவிலை, நெற்றியில் விபூதி, பொங்கல் வந்தால் எங்களைவிடத் தடபுடல். ஆனால் வீட்டில் பேசுவது மலாய். எங்கள் இருவருக்கும் பேச்சு மலாயில்தான். இங்கே தமிழில் எழுதுகிறேன். அவனுக்கு ஒரே ஆசை, சர்வே இலாகாவில் சேர்ந்து நிலம் அளக்க வேண்டும். மூன்று கால் கருவியை ரோட்டோரம் நிறுத்தி ஒற்றைக் கண்ணால் பார்க்கிறவர்களைக் கண்டால், பள்ளிக்கூட மணி அடித்தால்கூட நகரமாட்டான். அந்த வேலைக்குப் பரீட்சையில் கணக்குத் தேறியிருக்க வேண்டும்.

பரீட்சைக்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் ஒரு தேர்வு வைத்தார்கள். அதில் கணக்கில் தேறாதவனின் பெயரைப் பரீட்சைக்கு அனுப்பமாட்டார்கள். முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சேர்ந்தால் இரண்டு செங்கோணம் என்று நிறுவச் சொல்லி ஒரு கேள்வி. சின்னப் படிவத்துப் பாடம்தான். ஆனால் அதற்கு மார்க் அதிகம். என் கூட்டாளி முக்கோணத்தைத் தலைகீழாக வரைந்து, எக்ஸ், ஒய், இசட் என்று எழுத்து வைத்து, தன் சொந்த வார்த்தைகளில் நிறுவியிருந்தான். ஒரு தப்பும் இல்லை. வாத்தியார் சிவப்பு மையால் குறுக்கே ஒரு கோடு இழுத்துப் பூஜ்யம் போட்டுவிட்டார். அந்த ஒரு கேள்வியால் அவன் தேறவில்லை.

அவன் தாளை எடுத்துக்கொண்டு மேசைக்குப் போனான். எது தப்பு என்று பணிவாகத்தான் கேட்டான். வாத்தியார் அவனுக்குப் பதில் சொல்லவில்லை. முன் வரிசையிலிருந்த தமிழ்ப் பையன்களைப் பார்த்துத் தமிழில் சொன்னார்:

"பாத்தீங்களாடா, நெத்தியில விபூதி, வாயில மலாயி. தமிழும் வராது, நான் சொல்லிக் குடுத்ததும் வராது. இவரு புதுசா முக்கோணம் கண்டுபிடிச்சிட்டாரு."

அவனுக்குத் தமிழ் தெரியாதுதான். ஆனால் எங்கள் முகங்கள் தெரிந்தனவே! காது நுனிவரை சிவந்து நின்றான். கையை நீட்டச் சொல்லி ரோத்தானால் விளாசினார். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. தமிழ் தெரியாதவனைத் தமிழில் அவமானப்படுத்துவது என்ன தமிழ்ப்பற்று?

அந்தச் சமயம் எங்களுக்குப் புதுத் தலைமையாசிரியர் வந்திருந்தார். வெள்ளைக்காரர் போய் நம் நாட்டுக்காரர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. நாடு சுதந்திரம் அடைந்துவிட்டது, மாணவர்கள் வாய் திறந்து பேச வேண்டும் என்று பள்ளிக்கூடச் சபையில் முழங்கினார். சொன்னதோடு நிற்காமல் ஒரு விவாத மேடை ஏற்பாடு செய்தார். தலைப்பு, 'நம் வகுப்பறைகளில் பாடம் நடத்தும் முறை சரியானதே'. வாத்தியார்கள் முன் வரிசையில் உட்கார்ந்து கேட்பார்கள் என்றும், யார் என்ன சொன்னாலும் தண்டனை கிடையாது என்றும் அறிவித்தார். சரியே என்று பேசக் கணக்கு வாத்தியார் என்னைத் தள்ளிவிட்டார். எதிர்த்துப் பேச யாரும் வரவில்லை. கடைசியில் என் கூட்டாளி கை தூக்கினான்.

"உனக்கு என்ன பைத்தியமா?" என்று வழியில் கேட்டேன்.

"தலைமையாசிரியர் கேட்கத்தான் போகிறார் லா. என் முக்கோணம் சரியா தப்பா என்று அவர் ஒரு தடவை பார்த்தால் போதும். என் பெயரை அனுப்பிவிடுவார்" என்றான். அவ்வளவு நம்பிக்கை!

வெள்ளிக்கிழமை சாயங்காலம். மண்டபம் நிறைந்திருந்தது. முதலில் நான் பேசினேன். எங்கள் வாத்தியாரின் முறையில் ஆண்டுதோறும் பையன்கள் தேறுகிறார்கள், தேர்ச்சிதான் சாட்சி என்று மனப்பாடம் செய்த இங்கிலீஷில் வெளுத்துக்கட்டினேன். கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. அடுத்து அவன் வந்தான். பேச்சு எதுவும் தயார் செய்யவில்லை. மேடையிலிருந்த கரும்பலகையில் தலைகீழாக ஒரு முக்கோணம் வரைந்தான். எக்ஸ், ஒய், இசட் என்று எழுத்து வைத்தான். சாக்பீஸை என்னிடம் நீட்டினான்.

"வகுப்பில் முதல் மாணவன் இவன். இந்த முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சேர்ந்தால் இரண்டு செங்கோணம் என்று இவன் நிறுவிக் காட்டட்டும். நான் உட்கார்ந்துவிடுகிறேன்" என்றான்.

இவ்வளவுதானா என்று சிரித்துக்கொண்டே எழுந்தேன். பலகை முன்னால் போய் நின்றதும் வாய் தானாகவே "பி-சியை டி வரை" என்று தொடங்கியது. பி-சி எங்கே? பலகையில் பி-யும் இல்லை, சி-யும் இல்லை. அடிப்பக்கம் மேலே இருந்தது, உச்சி கீழே கிடந்தது. எந்தக் கோட்டை நீட்டுவது, எந்தப் பக்கம் நீட்டுவது? ஒரு கோடு இழுத்தேன், அழித்தேன். மறுபடி இழுத்தேன். பின்னாலிருந்து ஒருவன் கிராமபோன் ஊசி கிறீச்சிடுகிற மாதிரி ஓசை எழுப்பினான். மண்டபம் குலுங்கியது. முதுகில் வியர்வை வழிய, சாக்பீஸைப் பிடித்தபடி மரம்போல் நின்றேன். மனப்பாடத்தைக் கழித்துவிட்டால் என் தலைக்குள் ஒன்றுமே இல்லை. அது எனக்கு அந்த மேடையில்தான் தெரிந்தது.

தலைமையாசிரியர் கணக்கு வாத்தியாரைப் பார்த்து, "நீங்களாவது முடித்து வையுங்கள்" என்றார். வாத்தியார் கம்பீரமாக மேடை ஏறினார். என் கையிலிருந்து சாக்பீஸைப் பிடுங்கினார். டஸ்டரை எடுத்து அந்த முக்கோணத்தை முழுக்க அழித்தார். ஏ உச்சியில், பி இடதில், சி வலதில் புதிதாக ஒன்று வரைந்தார். பி-சியை டி வரை நீட்டி, கணீரென்று கடைசி வரி வரைக்கும் ஒப்பித்தார். வாத்தியார்கள் வரிசை எழுந்து நின்று கைதட்டியது. பையன்களும் தட்டினார்கள். கேட்டது வேறு முக்கோணம் ஐயா என்று அந்த மண்டபத்தில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. என் கூட்டாளி மட்டும் அழிக்கப்பட்ட இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கை தூக்கச் சொல்லி ஓட்டு எடுத்தார்கள். எங்கள் அணி ஜெயித்ததாம்.

வீட்டுக்குப் போகும் வழியில் அவனோடு பேசக்கூடாது என்றுதான் இருந்தேன். எல்லார் முன்னாலும் என்னைக் கோமாளி ஆக்கிவிட்டானே என்ற ஆத்திரம். அவனோ ஒன்றும் நடக்காததுபோல் கச்சாங் பூத்தே பொட்டலம் வாங்கி, கடலையை என் கையில் கொட்டினான். பொட்டலக் காகிதத்தை விரித்து, சாக்கடைக் கட்டின் மேல் வைத்து, கோணல்மாணலாக ஒரு முக்கோணம் கிழித்தான். பிறகு அதன் மூன்று மூலைகளையும் தனித்தனியாகக் கிழித்து, முனைகள் ஒன்றாகச் சேரும்படி பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். அடியில் ஒரே நேர்க்கோடு, அதாவது இரண்டு செங்கோணம்.

"எப்படி வரைந்தாலும் இதுதான் வரும். எழுத்தில் என்ன இருக்கிறது?" என்றான்.

எத்தனையோ முறை பிசகாமல் ஒப்பித்த தேற்றம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. கடலை கையிலேயே இருந்தது. அவன் மேலிருந்த ஆத்திரம் அப்படியே வாத்தியார் பக்கம் திரும்பியது. என்னை ஒரு கிளிப்பிள்ளையாக வளர்த்து, அதைத் தோளில் தட்டிக் கொடுத்து, நானும் அதையே பெருமை என்று நம்பும்படி செய்துவிட்டாரே மனிதர்! ஐந்து நிமிஷத்தில் ஒரு பொட்டலக் காகிதத்தில் காட்ட முடிந்ததை, வருஷக்கணக்கில் பிரம்பை வைத்துக்கொண்டு மறைத்திருக்கிறார்.

அன்றே அப்பாவிடம் கொட்டினேன். அவர் வெற்றிலையை மடித்தபடியே கேட்டார்.

"அவரு சொன்னத எழுதுனா பாசு பண்ணுவியா, மாட்டியா?"

"பண்ணுவேன்பா. ஆனா..."

"அப்புறம் என்னடா ஆனா? அந்தப் பையன் பேச்சக் கேட்டுக்கிட்டு வாத்தியார எதுத்துக்காத. உன் பேரயும் அனுப்பாம விட்டுடுவாரு."

மறு வாரம் நானும், கிராமபோன் பெயர் வைத்த சீனப் பையனும் தலைமையாசிரியர் அறைக்குப் போனோம். கூட்டாளியின் தாளை ஒரு முறை பார்க்கும்படி கேட்டோம். அவர் எழுந்து வந்து எங்கள் கையைக் குலுக்கினார். சுதந்திர நாட்டு மாணவர்கள் இப்படித்தான் கருத்துச் சொல்ல வேண்டும் என்று பாராட்டினார். தாளை வாங்கிப் பார்க்கவில்லை. ஆசிரியர் போட்ட மார்க்கில் தலையிடுவது மரியாதை இல்லையாம். கருத்தைக் கேட்டுக்கொள்வார்கள், அதோடு சரி. ரோத்தானால் அடித்தவரைவிடக் கை குலுக்கிய அந்த மனிதர் மேல் எனக்கு அதிகக் கோபம் வந்தது.

அவன் பெயர் போகவில்லை. நான் பரீட்சை எழுதினேன். ஏ உச்சியில், பி இடதில், சி வலதில். கணக்கில் டிஸ்டிங்ஷன். மறு ஆண்டு சபையில் வாத்தியார் என் பெயரைச் சொல்லி, "என் முறையைக் குறை சொன்னவர்களுக்கு இதுதான் பதில்" என்றாராம்.

சில ஆண்டுகள் கழித்து, நான் அரசாங்க ஆபீஸில் கிளார்க். ஒரு நாள் வேலையாகச் செங் என்ற ஊர்ப் பக்கம் போனபோது ரோட்டோரம் சர்வே நடந்துகொண்டிருந்தது. மூன்று கால் கருவிக்குப் பின்னால் ஓர் இளைஞன் நின்று, தள்ளு தள்ளு என்று கையைக் காட்டினான். தூரத்தில், லாலான் புல்லுக்கு நடுவில், சிவப்பும் வெள்ளையும் அடித்த கம்பைப் பிடித்துக்கொண்டு என் கூட்டாளி நின்றான். ஆசைப்பட்ட இலாகாவில்தான் சேர்ந்திருந்தான், கம்பு பிடிக்கிற ஆளாக. என்னைக் கண்டதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு அதே சிரிப்புச் சிரித்தான்.

"ஏ இன்னமும் உச்சியில்தான் இருக்கிறதா?" என்று கேட்டான்.

அவன் கேலியாகத்தான் கேட்டான், மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை. கருவிக்காரன் கை காட்டினான், அவன் கம்பை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டான்.

அந்த வாத்தியாரும் இன்று இல்லை, என் கூட்டாளியும் இல்லை. ஆனால் ஒரு வகுப்பறையைத் தாண்டிப் போகும்போது பிள்ளைகள் ஒரே குரலில் "புரிந்தது" என்று கத்துவது காதில் விழுந்தால், புரிந்தவன் வெயிலில் கம்பு பிடித்து நிற்க, புரியாத நான் டிஸ்டிங்ஷன் வாங்கிய அந்தக் கோபம் இன்றும் மூண்டுவிடுகிறது. அது என்னோடு சாம்பலாகிவிடக் கூடாது என்றுதான் டாக்டர் பேச்சை மீறி இதை எழுதிவிட்டேன்.