படுத்தால் குறைகிறதா?

போன வியாழக்கிழமை திருப்பதியிலிருந்து கஸ்தூரி அக்காவின் மகன் போன் செய்தபோது, சித்தூரில் எங்கள் பிசியோதெரபி அறையில் ஒரு பெரியவரின் கழுத்து என் இரண்டு கைகளுக்குள் இருந்தது. ஒரு கையை எடுத்து ஸ்பீக்கரில் போட்டுவிட்டு மறுபடி பிடித்தேன். "அம்மா போய்ட்டாங்க" என்றான். கையை எடுக்கத் தோன்றாமல் அப்படியே நின்றேன். "இன்னாம்மா, புடிக்கறத நிறுத்திட்ட?" என்று பெரியவர்தான் கேட்டார்.

அக்காவும் நானும் பதினோரு வருஷம் ஒரே அறையில் வேலை செய்தோம். அவரிடம் சிகிச்சைக்கு வந்த உங்களுக்கு அவர் வாய் தெரியும். கழுத்தைத் திருப்பிச் சொடக்கு எடுக்கச் சொல்லி அடம்பிடிப்பவர்களிடம், "சத்தம் வேணும்னா பட்டாசு வாங்கிக்கோ நைனா" என்பார். புத்தலப்பட்டு விவசாயி ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து, அலிபிரியிலிருந்து நடந்தே திருப்பதி மலையேறுவதாக வேண்டுதல், போகலாமா என்றார். நானாக இருந்தால் வேண்டாம் என்றிருப்பேன். அக்கா இரண்டு மாதம் அவரை எங்கள் மாடிப்படியில் ஏற்றி இறக்கினார், தெலுங்கில் "மெல்லகா, மெல்லகா" என்று கூடவே நடந்தபடி. மனிதர் மலையேறிவிட்டு மொட்டைத் தலையும் லட்டுமாக வந்து நின்றார்.

யாராக இருந்தாலும் தொடுவதற்கு முன் அக்கா ஒன்று கேட்பார்: "படுத்தா வலி கொறையுதா?" இல்லை என்றால் கை வைக்கமாட்டார். எப்படிப் படுத்தாலும் அடங்காத வலி வயதானவர்களுக்கு வந்தால் முதலில் டாக்டர் பார்க்கட்டும் என்பார்.

சாயங்காலம் கடைசி ஆள் போனதும் நாங்கள் ஒருவர் கழுத்தை ஒருவர் பிடித்துவிடுவோம். ஆளுக்குப் பத்து நிமிஷம். எங்களுக்குள் நோயாளிச் சீட்டும் கிடையாது, விசாரணையும் கிடையாது. இந்த வருஷம் நாலு மாதமாக அக்கா கழுத்து வலி என்றார். அறுபது வயதில் நாள் முழுக்கக் குனிந்து நின்றால் வலிக்காதா என்று நானே முடிவுகட்டிப் பிடித்துவிட்டேன். ஆள் இளைத்ததைப் பார்த்துக் கிண்டல்கூடச் செய்தேன். பாவி, அந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்கவில்லை. ஸ்கேன் எடுத்தபோது புற்றுநோய் கழுத்தெலும்புவரை போயிருந்தது.

திருப்பதி ஆஸ்பத்திரியில் அவர் கட்டிலருகே நின்று, கேட்காமல் விட்டுவிட்டேனே என்று அழுதேன். அவர் கோபப்படவில்லை.

"நீ கை வெச்சா ஒரு மணி நேரம் நல்லா இருந்துச்சுடி. அதனாலதான் நானும் டாக்டராண்ட போவல."

என்னைத் தேற்றத்தான் அப்படிச் சொன்னார் என்கிறார்கள். இருக்கலாம். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு மணி நேரம்தான். நாளைக்கும் பெரியவர்கள் வந்து கழுத்தைக் காட்டி உட்காருவார்கள். வலி குறைந்துவிட்டது என்று யாராவது சொன்னால், "படுத்தாலும் கொறையுதா?" என்று இப்போது மறுபடி கேட்கிறேன்.