பந்து தூக்க ஆள் தேடிய கோடை

எங்கள் தெரு வாலிபால் அணிக்கு அந்தக் கோடையில் பந்து தூக்க ஆள் இல்லாமல் போனது. தூக்குவது என்றால், வலைக்குப் பக்கத்தில் நின்று, அடிப்பவருக்கு வாகாகப் பந்தை மேலே எழுப்பிக் கொடுப்பது. லிஃப்டர் என்பார்கள். அடிப்பவர் என் சித்தப்பா. அவர் அடித்தால் எதிரணிக்காரர்கள் பந்தை எடுக்க நினைக்க மாட்டார்கள், தலையைக் காப்பாற்றிக்கொள்வார்கள். ஆனால் ஒழுங்காகத் தூக்கிக் கொடுக்க ஆள் இல்லாவிட்டால் சித்தப்பா வெறும் ஆறடி மனிதர்தான். பழைய லிஃப்டர் மெட்ராஸில் ஃபேக்டரி வேலை கிடைத்துப் போய்விட்டார். பந்தயங்கள் தொடங்க அதிக நாள் இல்லை. தெருவே ஆள் தேடியது.

மூன்று பேர் கிடைத்தார்கள். முதல் ஆள் எங்கள் முதலாளியின் மகன். தறிக்குப் பட்டும் ஜரிகையும் கொடுத்து, நெய்த சேலையை வாங்கிக்கொள்பவரை முதலாளி என்போம். வலையும் பந்தும் அவர் உபயம் என்பதால் மகனின் திறமையை யாரும் ரொம்ப ஆராயவில்லை. இரண்டாவது, பள்ளிக்கூட அணியில் ஆடிய நெட்டைப் பையன். அழகாகத் தூக்குவான், யாருக்குத் தூக்குகிறான் என்பதுதான் அவனுக்கே தெரியாது. மூன்றாவது ஆள் கோயிலில் பல்லக்குச் சுமப்பவர். கருட சேவையன்று பெருமாளையே தோளில் வைத்து ஊர் சுற்றுகிறவருக்குக் காற்றடைத்த பந்து எம்மாத்திரம் என்று பெரியவர்கள் முடிவு கட்டியிருந்தார்கள். அவரோ பந்தையும் பெருமாளாகவே பாவித்தார். இரண்டு கையாலும் ஏந்தி, சற்றே நிதானித்து, மனசில்லாமல்தான் விட்டார். வாலிபாலில் பந்தைக் கையில் நிறுத்தினால் தப்பு; நடுவர் இருந்திருந்தால் விசில் ஊதியே களைத்துப் போயிருப்பார்.

எனக்கு ஒன்பது வயது. இந்தக் கூத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சலாக வந்தது. ஏனென்றால் காஞ்சிபுரத்திலேயே நல்ல லிஃப்டர் எங்கள் வீட்டில் இருந்தாள். சித்தப்பா கேப்டன் என்பதால் பந்து எங்கள் வீட்டில்தான் கிடக்கும். சாயங்காலம் தோட்டத்தில் துணி காயப்போடும் கொடியை வலையாக வைத்து அவர் அடித்துப் பழகுவார். தூக்கிக் கொடுப்பது அவர் தங்கை, என் அத்தை. அவள் தூக்கினால் சித்தப்பா பந்தைப் பார்க்காமலே குதிப்பார்.

அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பகல் முழுக்க இருவரும் ஒரே தறியில்தான் இருந்தார்கள். எங்கள் வீட்டில் நெய்தது கோர்வைச் சேலை. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம் என்பதால் நெய்பவருக்கு வலப்பக்கம் இன்னொருவர் உட்கார்ந்து கரைக்கு நாடா, அதாவது குறுக்கிழை ஓட்டும் கட்டை, போட வேண்டும். அவர் இல்லாமல் ஓர் இழைகூட நகராது. அத்தை பெரியவளானதும் பள்ளிக்கூடத்தை நிறுத்தி அங்கே உட்கார வைத்தார்கள். அண்ணன் கை எப்போது எங்கே வரும் என்று அவளுக்கு அத்துப்படி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் மூன்று பேரையும் ஆடவிட்டுப் பார்த்தார்கள். எல்லோரும் உதட்டைப் பிதுக்கினார்கள். நான் கத்தினேன்.

"எங்க அத்தைய கூப்புடுங்க. அதுதான் நல்லா தூக்கும்!"

எல்லோரும் சிரித்தார்கள். சித்தப்பா மட்டும் சிரிக்காமல் வேலியோரம் நின்றிருந்த அத்தையைப் பார்த்து, வா என்று கையை ஆட்டினார். அவள் தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாள். தூக்கினாள். சித்தப்பா அடித்தார். மறுபடி தூக்கினாள், மறுபடி அடித்தார். ஒரு பந்துகூட வீணாகவில்லை.

முதலாளி மகன்தான் முதலில் வாயைத் திறந்தான். "சூப்பர்க்கா! எனக்கு கத்துக்குடுங்கக்கா."

எல்லோருக்கும் போன உயிர் திரும்பி வந்தது. இதைவிட நல்ல வழி உண்டா? என் அப்பாவுக்கும் சந்தோஷம். "கத்துக்குடும்மா, மொதலாளி வூட்டுப் புள்ள" என்றார்.

"தூக்கறதுன்னா நானே தூக்கறேன். கத்துக்குடுக்க மாட்டேன்."

"பொம்பளப் புள்ள பந்தயத்துல ஆடுனா பாக்கறவங்க என்னா சொல்வாங்க?"

"இப்ப ஆடுனேனே. எல்லாரும் பாத்துக்கினுதானே இருந்தீங்க?"

மறுநாள் காலை அத்தை தறிக்கு வரவில்லை. "மைதானத்துல நான் வேணாம்னா தறியிலயும் வேணாம்" என்று சொல்லிவிட்டுத் தோட்டத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். தெருவில் எல்லா வீட்டிலும் தறிச் சத்தம் கேட்டது, எங்கள் வீட்டைத் தவிர. முகூர்த்தச் சேலை பாதியில் நின்றது. முதலாளி கோபித்துக்கொண்டு பட்டு தராமல் விட்டால் அடுப்பு எரியாது என்று அப்பா குறுக்கும் நெடுக்கும் நடந்தார். கடைசியில் என்னைப் பார்த்து, "நீ போய் உக்காரு" என்றார். நான் கையைக் கட்டிக்கொண்டேன். "நானும் மாட்டேன்." பளார் என்று விழுந்தது. வாழ்க்கையில் நான் வாங்கிய அடிகளில் இன்றும் எனக்குப் பெருமையாக இருப்பது அந்த ஒன்றுதான்.

சித்தப்பா சட்டையை மாட்டிக்கொண்டு பந்தோடு முதலாளி வீட்டுக்குக் கிளம்பினார். நான் அழுதுகொண்டே பின்னால் ஓடினேன். முதலாளி முன்னால் எப்போதும் கைகட்டியே நிற்கும் சித்தப்பா, பந்தை அவர் காலடியில் வைத்தார்.

"என் தங்கச்சி தூக்குனா நான் அடிக்கறேன். இல்லன்னா வேற ஆள பாத்துக்கங்க."

முதலாளி வெற்றிலையை மென்றுகொண்டே, "சரிப்பா, பாத்துக்கறோம்" என்றார். அவ்வளவுதான்.

நடந்ததை அத்தையிடம் நான்தான் விக்கி விக்கிச் சொன்னேன். அவள் எழுந்துபோய்த் தறியில் தன் இடத்தில் உட்கார்ந்து நாடாவை எடுத்தாள்.

பந்தயத்தன்று மைதானத்துச் சத்தம் வீட்டுக்குள் கேட்டது. இருவரும் நெய்துகொண்டே காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். "தாழ்வா தூக்கிட்டான்" என்பாள் அத்தை. "ம்" என்பார் சித்தப்பா. எங்கள் தெரு மண்ணைக் கவ்வ வேண்டும் என்று நான் எல்லாச் சாமியையும் வேண்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் பெரிய ஆரவாரம், பட்டாசு வேறு. எங்கள் தெருதான் ஜெயித்திருந்தது.

சித்தப்பா அத்தையைப் பார்த்தார். "நாம இல்லாமயே ஜெயிச்சுட்டானுங்கம்மா" என்றார். அத்தைக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவரும் சிரித்தார். தறியை நிறுத்திவிட்டு, கண்ணில் தண்ணீர் வர இருவரும் சிரித்தார்கள். எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. அணி போயிற்று, பந்து போயிற்று, நான் வாங்கிய அடியும் வீண். இதில் சிரிக்க என்ன இருக்கிறது? அன்று ராத்திரி வரை இருவரோடும் நான் பேசவில்லை.

எங்கள் வீட்டில் அத்தைக்காக ஒருவர் ஒன்றை விட்டுவிட்டு வந்தது அதுதான் முதல் தடவை என்பது அப்போது எனக்குத் தெரியாது.