பேரைப் போடுங்க

திருச்சி விமான நிலையத்தில், பயணிகள் வெளியே வரும் வாசலில் நிற்கிறோம். நான் சென்னைக்குக் கிளம்புகிறேன்; என் விமானத்துக்கு இன்னும் நேரமிருக்கிறது. பக்கத்தில் நிற்பவர், கருத்தடை, மகப்பேறு பற்றிய எங்கள் ஆய்வுக்காக நேற்று பாலக்கரையில் நான் பேட்டி கண்ட பெண். துபாயிலிருந்து லீவில் வரும் கணவருக்காகக் காத்திருக்கிறார்.

"ஒவ்வொரு லீவுக்கும் ஒரு புள்ளையக் குடுத்துட்டுப் போயிடுவாங்க மேடம். மூணு ஆச்சு. இந்தத் தடவை முன்னாடியே ஆஸ்பத்திரிக்குப் போயி காப்பர்-டி போட்டுக்கிட்டேன்."

"அவருக்குத் தெரியுமா?"

"போன்லயே சொல்லிட்டேன். பி.எட். படிக்கப் போறேன்னும் சொன்னேன். ரெண்டு நாள் பேசல. அப்புறம் அவங்களே கூப்பிட்டு, எந்தக் காலேஜுன்னு கேட்டாங்க."

சிரிக்கிறார். ஆய்வறிக்கையில் பெயரை மாற்றிவிடுவோம், பயப்பட வேண்டாம் என்கிறேன். சிரிப்பு சட்டென்று நிற்கிறது.

"எதுக்கு மாத்தணும்? நான் என்ன திருடுனேனா? என் பேரையே போடுங்க."

கயிறு கட்டிய அட்டைப்பெட்டியும் போர்வைப் பையுமாகத் தள்ளுவண்டி ஒன்று வெளியே வருகிறது. துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு, தலை நிமிர்ந்து, அதைத் தள்ளி வரும் கணவரை நோக்கி நடக்கிறார்.

அறிக்கையில் பெயர் போட எங்கள் விதி விடாது. ஆனால் இது என் சொந்தக் குறிப்பு. இதில் எழுதுகிறேன்: ஷமீமா பானு.